சாம்பல் நிறச் சுவரும் சாமி மேடையும்: நம் வீடுகளின் ரசனை எங்கிருந்து வந்தது?

தீபாவளி நெருங்கும் வாரங்களில் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவிலும் அதை ஒட்டிய ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானிலும், சேலைக் கடைகளுக்கு அடுத்தபடியாகக் கூட்டம் சேருவது திரைச்சீலைக் கடைகளில்தான். அங்கு நடக்கும் வாக்குவாதமும் நமக்குப் பழகியதே. அம்மா அரக்குச் சிவப்பைத் தொட்டுப் பார்ப்பார். மகளோ மருமகளோ சாம்பல் நிறத்தைக் காட்டுவார். "இது என்ன, துக்க வீடு மாதிரி" என்பார் ஒருவர். "அது கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும்மா" என்பார் மற்றவர். கடைக்காரர் எதுவும் பேசாமல் இளம்பழுப்புத் துணி ஒன்றை நடுவில் விரித்து வைப்பார்.

வெளிப்பார்வைக்கு இது துணிச் சண்டை. உண்மையில், பிள்ளையின் பெயரில் முப்பது, முப்பத்தைந்து ஆண்டு வங்கிக் கடனில் வாங்கிய வீட்டில் பெற்றோருக்கு எவ்வளவு இடம் என்பதே கேள்வி. புது வீட்டுக்கு மாறும்போது கண்ணாடி அலமாரியும், அதில் அடுக்கிய பித்தளைச் சாமான்களும், தாத்தா பாட்டியின் மாலையிட்ட படங்களும் எங்கே போகும்? அந்தப் பொருள்களோடு பெரியவர்களும் வீட்டுக்குள் விருந்தாளியாகிவிடக் கூடாதல்லவா!

நம்மவர்களின் வண்ண மோகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. தோட்டப்புற லயத்து வீடு அதில் வாழ்ந்தவருக்குச் சொந்தமில்லை. சுவரும் கூரையும் தோட்ட நிர்வாகத்துடையவை. ஒரு ஜன்னலைப் பெரிதாக்க நினைத்தாலும் முடியாது. குடும்பம் தன் விருப்பப்படி மாற்றக்கூடியவை மிகச் சில: சாமிப் படம், நாட்காட்டி, குடும்பப் புகைப்படம், துணி. அதில் துணிதான் அதிக வேலை செய்தது. கதவில்லாத வாசலில் தொங்கிய ஒரு பூப்போட்ட துணியே கூடத்தையும் படுக்கும் இடத்தையும் பிரித்தது. மங்கலான மரப்பலகைச் சுவருக்கு நடுவே பளிச்சென்ற மஞ்சளும் சிவப்பும்தான் இது நம் வீடு என்று சொன்னது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும், பிறகு மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும், தாமான்களின் வரிசை வீடுகளுக்கும் வந்தபோது அந்தப் பழக்கமும் கூடவே வந்தது. கதவு இருந்தாலும் சமையலறை வாசலில் ஒரு திரை தொங்குவது அதனால்தான்.

இளையவர்கள் கேட்கும் வெளிர் நிறத்திலும் நியாயம் இருக்கிறது. சுமார் 20, 22 அடி அகல வரிசை வீட்டில் வெளிச்சம் முன்புறமும் பின்புறமும் மட்டுமே நுழைகிறது. நடுக்கூடம் பகலிலும் இருட்டு. அங்கே அடர்ந்த நிறத்தைப் பூசினால் இருட்டு கூடும். கொண்டோவில் நிலைமை தலைகீழ். தரைவரை கண்ணாடி, மேற்கு வெயில், எப்போதும் ஓடும் குளிர்சாதனம். அடர் சிவப்புத் துணி அந்த வெயிலில் சீக்கிரம் வெளுத்துப்போகும்.

ஆனால், வெளிர் நிறம்தான் நாகரிகம், வண்ணம் என்றால் பட்டிக்காடு என்று யாராவது சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன். பிரிட்டிஷ் கலைஞர் டேவிட் பேட்ச்சலர் 2000-இல் வெளியிட்ட 'குரோமோஃபோபியா' என்ற நூலில், மேற்கத்திய சிந்தனை வண்ணத்தை அந்நியமானது, கீழ்த்தரமானது, மேலோட்டமானது என்று நெடுங்காலமாக ஒதுக்கி வந்ததை விளக்கினார். நாமும் அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அம்மாவின் கூடத்தைப் பார்க்கிறோம். செட்டிநாட்டு வீடுகளை நினைத்துப் பாருங்கள்: ஆத்தங்குடிப் பூக்கற்கள், பர்மா தேக்கு, வண்ணக் கண்ணாடி. பணமும் உலக அனுபவமும் இருந்தவர்கள் விரும்பித் தேர்ந்த வண்ணங்கள் அவை. அவர்கள் வட்டித் தொழில் நடத்திய லெபோ அம்பாங், மஸ்ஜித் இந்தியாவிலிருந்து நடந்துபோகும் தூரம்தான்.

மஸ்ஜித் இந்தியாவின் கதையும் கலப்புக் கதையே. இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1863-இல் எழுப்பிய பள்ளிவாசலின் பெயர்தான் அந்தத் தெருவுக்கு. அங்கே நோன்புப் பெருநாளுக்குத் திரைச்சீலை மாற்றும் மலாய்க் குடும்பங்களும் தீபாவளிக்கு மாற்றும் நாமும் ஒரே கடையில், ஒரே துணிச் சுருளிலிருந்துதான் வெட்டி வாங்குகிறோம். ஆண்டுக்கொருமுறை லங்சீர் மாற்றும் இந்த வழக்கத்துக்குத் தமிழ், மலாய் என்ற வேறுபாடு கிடையாது. 2024 ஆகஸ்டு 23-இல் அத்தெருவில் நிலம் உள்வாங்கிய பிறகு வியாபாரம் படுத்துவிட்டதாக வணிகர்கள் புலம்பியதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள்.

கொண்டோவில் சிக்கலாவது திரையைவிட சாமி மேடைதான். தரை வீட்டில் முற்றத்தில் ஒரு சிறு மேடை, வாசலில் மாவிலைத் தோரணம் என்று இடம் கிடைத்தது. அடுக்குமாடியில் வாசலுக்கு வெளியே உள்ள நடைபாதை பொதுச் சொத்து. 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டமும் (சட்டம் 757), அதன்கீழ் 2015-இல் வந்த விதிமுறைகளும் அங்கே பொருள் வைத்து வழியை மறிப்பதைத் தடுக்கின்றன. கட்டடத்தின் வெளித்தோற்றத்தையோ நிறத்தையோ மாற்றவும் நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதி தேவை. சில நிர்வாகங்கள் வெளியிலிருந்து தெரியும் திரைச்சீலையின் உட்துணி நிறத்தைக்கூடச் சொல்லிவிடுகின்றன. ஆகவே வீட்டுக்குள் மேடைக்கு இடம் ஒதுக்குவதைச் சாவி வாங்கும்போதே பேசி முடிப்பது நல்லது. தச்சர் எல்லாச் சுவரிலும் அலமாரி அடித்து முடித்தபின், "சாமியை எங்கே வைப்பது?" என்று அம்மா கேட்டால் வீட்டில் பதில் இருக்காது. மேடைக்கு நேர்மேலே புகை உணர்கருவி இல்லாமலும், விளக்கின் பக்கத்தில் திரைச்சீலை தொங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

துணிக்கடையில் ஏமாறாமலிருக்க ஒரு கணக்கு. மடிப்பு அழகாக விழ, கம்பியின் அகலத்தைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு துணி வேண்டும். 6 அடி கம்பிக்கு 12 முதல் 15 அடி. இதைவிடக் குறைத்து மலிவாகக் கொடுத்தால், இழுத்து மூடும்போது திரை படுக்கை விரிப்புபோல் தட்டையாக நிற்கும். கம்பி ஜன்னலைவிட இரு பக்கமும் அரை அடியாவது நீண்டிருந்தால் ஓரத்தில் வெயில் கசியாது. வெயில் படும் அறைக்கு வெளிப்பக்கம் வெள்ளை உட்துணி தைத்தால் உள்ளே எந்த நிறமும் போடலாம். அம்மாவின் அரக்குச் சிவப்பும் வெளுக்காமல் நெடுநாள் உழைக்கும்.

நிறத்தைக் கடையிலேயே முடிவு செய்யாதீர்கள். அங்குள்ள வெள்ளை விளக்கொளியில் எல்லாத் துணியும் ஒரு மாதிரித்தான் தெரியும். ஒரு சாண் துண்டு வெட்டித் தரக் கேட்டு வாங்கிவந்து, வீட்டு ஜன்னலில் ஒட்டி, மாலை ஐந்து மணி வெயிலிலும் இரவு விளக்கிலும் இரண்டு நாள் பாருங்கள். வீட்டில் எல்லோரும் பார்க்கட்டும்.