காட்டேரி ரோட்டில் அறுந்த பாதை

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயில் பாதையின் நீளம் சுமார் 46 கிலோமீட்டர். 1899-இல் குன்னூர் வரை ஓடிய ரயில், 1908-இல் ஊட்டியை எட்டியது. நிலையங்களைப் புள்ளிகளாகவும் இடையிலுள்ள தண்டவாளத்தைக் கோடுகளாகவும் வைத்துக்கொண்டால், வலைப்பின்னல் ஆய்வு பழகுபவருக்கு இதைவிடச் சுலபமான பாடம் கிடைக்காது. மேட்டுப்பாளையம், கல்லாறு, அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி ரோடு, குன்னூர், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல், ஊட்டி என்று 12 புள்ளிகள், 11 கோடுகள்.

இவ்வளவு எளிய பாதையையும் ஒரு கோப்பு இரண்டாக அறுத்துவிடும்.

பைத்தான் மொழியில் இத்தகைய ஆய்வுக்குப் பரவலாகப் பயன்படும் நிரல் நூலகம் ‘நெட்வொர்க்எக்ஸ்’. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வுக்கூடத்தில் உருவாகி, 2005-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. கணக்குப் போடுவதில் அது பெரும்பாலும் தடுமாறாது. விடையைக் கோப்பாக எழுதும்போதுதான் வில்லங்கம். கூடுதல் விவரங்கள் இல்லாமல் இணைப்புப் பட்டியலாக எழுதச் சொன்னால், ஒரு வரிக்கு இரண்டு பெயர்களை எழுதி, நடுவே ஓர் இடைவெளி விடும். ‘காட்டேரி ரோடு’ என்ற பெயருக்குள்ளேயே ஓர் இடைவெளி இருக்கிறதே!

கூடுதல் விவரங்கள் வேண்டாம் என்று சொல்லி அந்தக் கோப்பைத் திரும்பப் படித்தால், ‘ரன்னிமேடு காட்டேரி ரோடு’ என்ற வரியில் முதல் இரண்டு சொற்கள் மட்டும் எடுக்கப்படும். அடுத்து ‘காட்டேரி ரோடு குன்னூர்’ என்ற வரி. அதில் காட்டேரி ஒரு நிலையம், ‘ரோடு’ இன்னொரு நிலையம், குன்னூர் விடுபட்டுப்போகும். ரயில் இனி ‘ரோடு’ வரைதான். குன்னூரிலிருந்து ஊட்டி வரை தனித் துண்டு. கோடுகளை எண்ணினால் அதே 11. பிழைச் செய்தியும் வராது. புள்ளிகளை எண்ணினால்தான் 12 என்பது 13 ஆகியிருப்பது தெரியும். எழுதும்போதும் படிக்கும்போதும் பிரிப்புக்குறியாகக் காற்புள்ளியைக் கொடுத்தால் போதும், பாதை ஒட்டிக்கொள்ளும்.

சாலைக்கு வந்தால் இன்னொரு சிக்கல். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குக் குன்னூர் வழியும் உண்டு, கோத்தகிரி வழியும் உண்டு. கோடை சீசனில் ஏறும் வண்டிகள் குன்னூர் வழியாகவும் இறங்குபவை கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடப்படுவது வழக்கம். இரு ஊர்களுக்கு நடுவே இரண்டு கோடுகள், இரண்டுக்கும் எதிரெதிர் திசை. இதையும் இணைப்புப் பட்டியலாக எழுதி, வேறெதுவும் சொல்லாமல் திரும்பப் படித்தால், நூலகம் திசையில்லாத சாதாரண வரைபடத்தையே கட்டும். இரண்டு வழிகள் ஒன்றாகும், ஒருவழிப்பாதை இருவழிப்பாதையாகும். அதை நம்பி மண்சரிவுக் காலத்துக்கு மாற்றுவழி கணக்கிடுபவரின் பாடு திண்டாட்டம்தான்.

இவற்றோடு ஒப்பிட்டால், கத்திக்கொண்டே நின்றுபோகும் பிழைகள் எவ்வளவோ மேல். ‘கிராஃப்எம்எல்’ வடிவத்தில் எழுதும்போது ஒரு சாலைக்கு இரண்டு பெயர்கள் பட்டியலாக இருந்தாலோ, ஒரு மதிப்பு காலியாக இருந்தாலோ, இந்த வகையை ஏற்க முடியாது என்று நெட்வொர்க்எக்ஸ் நிறுத்திவிடும். அவற்றை எழுத்துச் சரமாக மாற்றிக் கொடுக்க வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் சாலைகளை இறக்கித் தரும் ‘ஓஎஸ்எம்என்எக்ஸ்’ நூலகம் அந்த வேலையைத் தானே செய்துகொள்கிறது. பழைய ‘ஷேப்ஃபைல்’ வடிவத்தின் தொல்லை வேறு: பத்து எழுத்துக்கு மேற்பட்ட நெடுவரிசைத் தலைப்புகளை வெட்டிவிடும்.

தமிழ்ப் பெயர்கள் சில சமயம் வீண் பயத்தைக் கிளப்பும். ‘ஜிஎம்எல்’ என்ற இன்னொரு வடிவத்தில் எழுதிய கோப்பைத் திறந்தால் ஊட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஊட்டி என்று நிற்கும். கெட்டுப்போகவில்லை, ஆங்கில எழுத்துகளை மட்டுமே ஏற்கும் வடிவம் என்பதால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் யூனிகோட் எண்ணாக எழுதப்பட்டிருக்கிறது. நெட்வொர்க்எக்ஸில் திரும்பப் படித்தால் ஊட்டி ஊட்டியாகவே வரும்.

ஆகவே, கோப்பை எழுதியதும் அதே நிரலில் ஒருமுறை திரும்பப் படியுங்கள். புள்ளிகள் எத்தனை, கோடுகள் எத்தனை, வலைப்பின்னல் எத்தனை துண்டு, திசை இருக்கிறதா என்ற நான்கையும் மூலத்தோடு ஒப்பிட நாலைந்து வரி நிரல் போதும். அந்த ஒப்பீடு முடியாமல் கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள்.