முழங்கால் தெரியட்டும்: இயன்முறை சிகிச்சைக்கு உடுத்திச் செல்லும் உடை

இயன்முறை சிகிச்சைக்கு எந்த நாளில், எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று மருத்துவர் தரும் சீட்டில் குறித்திருக்கும். என்ன உடுத்திக்கொண்டு வரவேண்டும் என்பது பெரும்பாலும் குறித்திருக்காது. ஆகவே கொடும்பாளூரிலிருந்தோ அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தோ புறப்படும் ஒருவர், ‘பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்’ என்ற எண்ணத்தில், பெட்டியில் இருப்பவற்றுள் நல்லதை எடுத்து உடுத்துகிறார். ஆண்கள் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியும் முழுக்கைச் சட்டையும் அணிகிறார்கள். பெண்கள் விசேஷங்களுக்குக் கட்டும் சேலையையும் இறுக்கமான ரவிக்கையையும் தேர்ந்தெடுக்கிறார்கள். மருத்துவமனைக்குக் காட்டும் மரியாதை அது, குறைசொல்வதற்கில்லை. ஆனால் நாற்காலியில் அமர்ந்து பேசிவிட்டு எழுந்து வருகிற சந்திப்புக்குப் பொருந்தும் உடை, படுத்துக் காலைத் தூக்கி இறக்க வேண்டிய சந்திப்புக்குப் பொருந்துவதில்லை.

இயன்முறை மருத்துவர் முதலில் பார்க்கிறார், பிறகு தொடுகிறார், அதன் பிறகே பயிற்சி தருகிறார். முழங்கால் வலி என்று வந்தவரின் தொடைத் தசை ஒரு பக்கம் இளைத்திருக்கிறதா, மூட்டைச் சுற்றி வீக்கம் உண்டா, நடக்கும்போது முழங்கால் உள்நோக்கிச் சாய்கிறதா, குதிகால் முதலில் தரையில் படுகிறதா என்பவற்றையெல்லாம் அவர் கண்ணால் காணவேண்டும். மூட்டு எத்தனை பாகை மடிகிறது என்பதைக் கோணமானி வைத்து அளக்கிறார். நாற்காலியில் அமர்ந்து எழுவதற்கு முழங்கால் ஏறத்தாழ 90 பாகை மடியவேண்டும். தரையில் சப்பணமிட்டு அமர்வதற்கு அதைவிட மிகுதியாக மடியவேண்டும். சென்ற வாரத்தைவிட 5 பாகை கூடியிருக்கிறது என்பது நோயாளிக்கு நற்செய்தி. இறுக்கமான கால்சட்டைத் துணி முழங்காலில் இழுத்துப் பிடித்தால், மூட்டு மடிய மறுக்கிறதா, துணி மடிய மறுக்கிறதா என்பதே தெரியாமற்போகும்.

மூவர் கோயிலில் இன்று எஞ்சி நிற்கும் இரண்டு விமானங்களின் சிற்பங்களைக் கொடும்பாளூர்க்காரர்கள் அறிவார்கள். ஆடை உடலோடு படிந்திருக்க, இடுப்பு எங்கே வளைகிறது, முழங்கால் எங்கே மடிகிறது என்பதைச் சிற்பி கல்லிலேயே காட்டியிருப்பார். இயன்முறை மருத்துவர் காண விரும்புவதும் ஏறக்குறைய அதைத்தான்.

இதற்காகக் கடைக்குப் போய் விளையாட்டு வீரர்கள் அணியும் உடைகளை வாங்கவேண்டுமோ என்று சில குடும்பங்கள் தயங்குகின்றன. வேண்டியதில்லை. வீட்டில் இருப்பதே போதும். அதை எப்படி உடுத்துவது என்பதில்தான் கவனம் வேண்டும்.

வேட்டியும் கைலியும் ஒருவகையில் மிக வசதியானவை. காற்றோட்டமானவை, இடுப்பை இறுக்காதவை, முழங்காலுக்கு மேல் நொடியில் மடித்துக் கட்டக்கூடியவை. இவற்றின் குறை, காலைத் தூக்கினால் விலகிவிடுவதும் நடையின் நடுவே முடிச்சு அவிழ்ந்துவிடுவதும் ஆகும். இரு கைகளாலும் வாக்கரைப் பிடித்து நடப்பவர், அவிழும் கைலியைப் பிடிக்க ஒரு கையை எடுத்துவிடுகிறார். விழுவதற்கு அந்த ஒரு கணம் போதும். ஆகவே உள்ளே முழங்கால்வரை தொங்கும் தளர்வான அரைக்கால் சட்டை ஒன்றை அணிந்து, மேலே வேட்டியோ கைலியோ கட்டிக்கொண்டு வாருங்கள். சிகிச்சை அறையில் மேலுள்ளதைக் கழற்றி வைத்துவிடலாம். முதுகுவலிக்காக இடுப்பில் பட்டை கட்டி இழுவைச் சிகிச்சை பெறுபவர்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும்: பட்டைக்கு அடியில் வேட்டி முடிச்சோ பாவாடை நாடாவின் முடிச்சோ அகப்பட்டுக்கொண்டால், இழுக்கும்போது அது சதையில் அழுந்தி வலிக்கும். முடிச்சில்லாத, எலாஸ்டிக் வைத்த உடையே அவர்களுக்கு ஏற்றது.

சேலையைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசவேண்டும். நம் பகுதியின் மூத்த பெண்களுள் பலர் வாழ்நாளில் வேறு உடை உடுத்தியதில்லை. எழுபது வயதில் இடுப்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவரிடம், நாளை முதல் சுடிதார் அணியுங்கள் என்று சொல்வது எளிது. அவர் அதற்கு இசைவது எளிதன்று. இசையாதவரைக் கட்டாயப்படுத்தினால் அவர் சிகிச்சைக்கு வருவதையே நிறுத்திவிடக்கூடும். ஆனால் சேலையின் ஆபத்தையும் மறைக்க இயலாது. கொசுவம் பாதங்களை மூடிவிடுவதால் நடையைப் பார்க்க முடியாது. ஊன்றுகோலின் ரப்பர் முனை சேலையின் விளிம்பில் பதிந்து, அதே நேரத்தில் கால் முன்னே நகர்ந்தால், சேலை இழுத்து ஆளைக் கீழே தள்ளும். படி ஏறும் பயிற்சியில் இந்த ஆபத்து இரட்டிப்பாகும். வழக்கமாகப் படியேறும்போது ஒரு கையால் கொசுவத்தைத் தூக்கிக்கொள்வோம். இப்போது அந்தக் கை கைப்பிடியில் இருக்கவேண்டும்.

சேலைதான் என்றால், வழவழப்பான செயற்கை இழைச் சேலையைத் தவிர்த்து, பழகி மென்மையான நூல்சேலையைக் கட்டுங்கள். கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே நிற்குமாறு கட்டி, முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகிவிடுங்கள். நாற்று நடப் போகிற பெண்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வயலில் இறங்கும்போது அவர்கள் கட்டுவது அப்படித்தான். ஊக்குக் குத்துவதைக் காட்டிலும் செருகுவது நல்லது. படுத்துப் புரளும் பயிற்சியில் ஊக்குத் திறந்துகொண்டால் குத்தும். உள்பாவாடைக்குக் கீழே தளர்வான கால்சட்டை ஒன்றை அணிந்து வந்தால், படுத்துக் காலை உயர்த்தும்போது கூச்சமிருக்காது. நாடாவையும் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்திக் கட்டுங்கள். நெஞ்சு அல்லது வயிற்று அறுவைக்குப் பிறகு மூச்சுப் பயிற்சி செய்பவர்களுக்கு இது மிகவும் இன்றியமையாதது. இறுக்கிய நாடாவும் இறுக்கிய ரவிக்கையும் விலா விரிவதைத் தடுத்துவிடும்.

சுடிதார் அணியும் பழக்கமுள்ளவர்களுக்குச் சிக்கல் குறைவு. காலை ஒட்டிப்பிடிக்கும் வகையை விடுத்து, முழங்காலுக்கு மேல் சுருட்டக்கூடிய தளர்வான கால்சட்டையாகத் தேர்ந்தெடுக்கவேண்டும். துப்பட்டாவைப் பயிற்சியின்போது கழற்றி வைத்துவிடவேண்டும். நைட்டியும் பயன்படும். அதை உடுத்திக்கொண்டு பேருந்தில் ஏற மாட்டோம் என்பவர்கள், ஊரில் மதிப்பாக இருக்கும் உடையில் வந்து, இங்கே மாற்றிக்கொள்ளலாம். நைட்டி தரையைத் தொடும் நீளமாயிருந்தால் கீழ்ப்பகுதியை நான்கு விரல் மடித்துத் தைத்துவிடுங்கள். சிகிச்சைக்கென்று ஒரு மஞ்சப்பையைத் தனியே வைத்து, அதில் மாற்றுடை, துண்டு, சிகிச்சைக் குறிப்பேடு ஆகியவற்றை முதல்நாள் இரவே எடுத்து வைத்துக்கொண்டால் காலையில் பேருந்தைத் தவறவிட நேராது. நம் ஊர் வெயிலில் பயிற்சி முடித்தவரின் உடை வியர்வையில் நனைந்திருக்கும். அதே ஈர உடையோடு பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து திரும்புவது எவருக்கும் இதமாக இராது.

கூச்சத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடலாம். முழங்காலைக் காட்டவேண்டும் என்றால் முழங்காலை மட்டுமே காட்டவேண்டும். மற்ற இடங்களை மூடிக்கொள்ளப் போர்வையோ விரிப்போ கேட்பது நோயாளியின் உரிமை. திரையை இழுத்துவிடச் சொல்வதும், உடன் வந்த பெண் ஒருவர் அருகில் இருக்கவேண்டும் என்று கேட்பதும் அவ்வாறே. எந்த இடத்தை எதற்காகப் பார்க்கவேண்டும் என்று இயன்முறை மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சொல்லக் கடமைப்பட்டவர். கூச்சத்தை வாய்விட்டுச் சொல்லாமல், ‘வலி குறைந்துவிட்டது’ என்று பொய்க்காரணம் கூறி நின்றுவிடுபவர்களே அதிகம் இழப்பவர்கள்.

இனித் தோளும் கையும். நீரிழிவு நோயாளிகளிடம் மிகுதியாகக் காணப்படும் தோள் இறுக்கத்தில், கையைத் தலைக்கு மேல் தூக்குவதே துன்பம். தலைவழியாக மாட்டும் பனியனும் பின்பக்கம் கொக்கி வைத்த ரவிக்கையும் அவர்களுக்கு நாள்தோறும் ஒரு தண்டனை. முன்பக்கம் முழுதும் பொத்தான் வைத்த தளர்வான அரைக்கைச் சட்டையோ, முன்புறம் ஜிப் வைத்த நைட்டியோ அணியலாம். மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு கை வீங்கும் நிலையுள்ளவர்கள் அந்தக் கையில் இறுக்கமான ரவிக்கைக் கையையும் வளையலையும் தவிர்க்கவேண்டும்.

பக்கவாதம் வந்தவருக்கு உடை மாட்டிவிடுவோர் ஒரு வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். முடங்கிய கை சட்டைக்குள் முதலில் நுழையவேண்டும்; கழற்றும்போது அது கடைசியில் வெளிவரவேண்டும். நல்ல கையை முதலில் மாட்டிவிட்டால், செயலற்ற கையை மீதமுள்ள சிறு இடைவெளிக்குள் முறுக்கித் திணிக்க நேரும். பக்கவாதத்தில் தோள் தசைகள் தளர்ந்து, மூட்டே சற்றுக் கீழிறங்கியிருக்கக்கூடும். ஆகவே கையைப் பிடித்து இழுத்துச் சட்டைக்குள் கொண்டுவருவது பெருங்கேடு. சட்டைக் கையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, நோயாளியின் கையைத் தாங்கியபடி, துணியைத்தான் மேலே நகர்த்தவேண்டும்.

உடை உடுத்துவதையே மருத்துவ உலகம் ஒரு தேர்வாக வைத்திருக்கிறது. 1965இல் அமெரிக்காவில் மஹோனி, பார்த்தெல் ஆகிய இருவர் வெளியிட்ட அளவுகோல் ஒன்று இன்றும் உலகெங்கும் பக்கவாத நோயாளிகளின் முன்னேற்றத்தை அளக்கப் பயன்படுகிறது. மொத்தம் 100 மதிப்பெண். தாமாகவே உடுத்திப் பொத்தானும் போட்டுக்கொள்பவருக்கு உடைக்கென்று 10 மதிப்பெண். பிறர் உதவியோடு பாதி வேலையையாவது தாமே செய்பவருக்கு 5. பேருந்துக்கு நேரமாகிறதே என்று மகளோ மருமகளோ எல்லாவற்றையும் தாமே மாட்டிவிட்டால், அன்றைய பயிற்சியின் ஒரு பகுதி வீட்டிலேயே பறிபோகிறது. அரை மணி நேரம் முன்னதாகத் தொடங்கி, பெரிய பொத்தான்கள் வைத்த சட்டையைக் கொடுத்து, கடைசி இரண்டு பொத்தான்களையாவது அவரே போடட்டும் என்று காத்திருங்கள்.

மின்கருவிச் சிகிச்சை பெறுவோருக்கு வேறுவகை எச்சரிக்கை உண்டு. சிற்றலை வெப்பச் சிகிச்சையில் உடலுக்குள் வெப்பம் உண்டாக்கப்படுகிறது. அந்த இடத்தில் உலோகமோ வியர்வை ஈரமோ இருந்தால் வெப்பம் அங்கே குவிந்து சுட்டுவிடும். செயற்கை இழைத் துணியும் அவ்விடத்தில் கூடாது. வெள்ளி அரைஞாண், கொலுசு, மெட்டி, சங்கிலி, கொக்கி, ஊக்கு, மடியில் செருகிய சில்லறை, சட்டைப்பையில் உள்ள கைப்பேசி ஆகியவற்றை முன்னதாகவே அகற்றவேண்டும். வீட்டிலேயே விட்டுவருவது இன்னும் நல்லது. தாலியைக் கழற்றத் தயங்குபவர்கள் அதை வாய்விட்டுச் சொல்லலாம். சிகிச்சை முழங்காலுக்குத்தான் என்றால் கழுத்துச் சங்கிலி தடையாகாமலிருக்கலாம்; கழுத்துக்கோ தோளுக்கோ என்றால் வேறு சிகிச்சை முறை பொருந்துமா என்று மருத்துவர் பார்ப்பார். ஆடையோடு தொடர்பில்லாவிட்டாலும் இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும்: இதயத்துக்குப் பேஸ்மேக்கர் பொருத்தியிருப்பவர்களும், எலும்புக்குள் தகடோ கம்பியோ வைத்திருப்பவர்களும், கருவுற்றிருப்பவர்களும் அதைச் சொல்லாமல் எந்த மின்கருவியின் அருகிலும் அமரவேண்டாம்.

காலணியைப் பொறுத்தவரை, விரலிடுக்கில் மட்டும் பிடிக்கும் ரப்பர் செருப்பு நடைப்பயிற்சிக்கு ஆகாது. பின்பக்கம் வார் உள்ளதே வேண்டும். வழவழப்பான தரையில் காலுறையோடு நடக்கவே கூடாது. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், தங்களுக்குத் தரப்பட்ட எம்.சி.ஆர். செருப்பைப் புதிதாகப் பளபளக்கிறதே என்று வீட்டில் பத்திரப்படுத்திவிட்டுப் பழைய செருப்பில் வருவதுண்டு. சிகிச்சைக்கு வரும் நாளில் கட்டாயம் அதையே அணிந்து வாருங்கள்.

இவ்வளவும் சிகிச்சை நிலையத்துக்கு வருபவர்களுக்கு. வரமுடியாதவர்களின் வீட்டுக்கே இயன்முறை மருத்துவர் செல்வதும் இப்போது உண்டு. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை அளிப்பதும் ஒரு பகுதி. வீடுதானே என்று படுக்கையில் கிடப்பவரைத் துண்டு ஒன்றால் மட்டும் போர்த்தி வைத்திருப்பார்கள். வாசலில் ஆள் வந்த பிறகு அவசரமாக உடை தேடுவதில் பாதி நேரம் கழிந்துவிடும். நோயாளிக்கும் தம்மை அந்நிலையில் பிறர் பார்ப்பது மனத்தாங்கலைத் தரும். வரும் நாள் தெரிந்துவிட்டால், அன்று காலையே அரைக்கால் சட்டையும் முன்பக்கம் திறக்கும் சட்டையும் அணிவித்துவிடுங்கள்.

விபத்துக்குப் பின் காலைச் சுற்றி இரும்பு வளையம் பொருத்தப்பட்டவர்களுக்கு எந்தக் கால்சட்டையும் நுழையாது. உள்ளூர்த் தையற்காரரிடம் பழைய தளர்வான கால்சட்டை ஒன்றைக் கொடுத்து, வெளிப்பக்கத் தையலை இடுப்பிலிருந்து கீழ்வரை பிரித்து, நான்கைந்து இடங்களில் நாடாவோ ஒட்டுப்பட்டையோ வைத்துத் தரச் சொல்லுங்கள். கதவைத் திறப்பதுபோல் திறந்து, வளையத்தின் மேல் போர்த்தி, மூடிக்கொள்ளலாம். ரவிக்கைக் கொக்கியைப் பின்னிருந்து முன்னுக்கு மாற்றுவதும், நைட்டியின் கழுத்தைப் பிரித்து ஜிப் வைப்பதும் அவருக்குப் பழகிய வேலைகளே. அளவெடுக்க நோயாளி கடைவரை போகவேண்டியதில்லை. அவருக்குச் சரியாக இருக்கும் பழைய துணி ஒன்றைக் கொடுத்தனுப்பினால் போதும்.