ஓடைப் பொன்னும் ஏழையின் உரிமைச் சீட்டும்

பூமிக்குள் புதைந்து கிடக்கும் பொன் அரசாங்கத்தின் சொத்து என்பதே பெரும்பாலான தேசங்களின் சட்டம். ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குக் கோடியிலுள்ள விக்டோரியா மாநிலத்திலும் அடிப்படைச் சட்டம் அதுவே. ஆயினும் அங்கே ஒரு தச்சரோ, பள்ளி ஆசிரியையோ, ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியரோ சொற்பமான ஒரு கட்டணத்தைச் செலுத்தி ‘மைனர்ஸ் ரைட்’ என்னும் உரிமைச் சீட்டைப் பெற்றுக்கொண்டால், அடுத்த 10 ஆண்டுகளுக்கு, விலக்கப்பட்ட இடங்கள் நீங்கலாக அரசாங்க நிலங்களிலும் ஓடைகளிலும், உடையவரின் சம்மதம் பெற்றுத் தனியார் நிலங்களிலும் பொன் தேடலாம். தேடிக் கண்டது ஒரு துகளானாலும் ஒரு பாளமானாலும் அது அவருக்கே சொந்தம். சனி, ஞாயிறுகளில் மெல்போர்ன் நகரத்திலிருந்து வடமேற்கே காஸில்மேன், டனோலி, பெண்டிகோ முதலிய பழைய பொன்வயல்களை நோக்கிக் குடும்பத்தோடு புறப்படுகிறவர்களின் வண்டிகளில், சாப்பாட்டுக் கூடையோடு ஒரு மண்வெட்டியும் அகன்ற தட்டு ஒன்றும் இருப்பது இந்த உரிமையால்தான். இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. ஏனெனில் அந்தச் சீட்டுக்குப் பின்னால் மனிதர் சிந்திய இரத்தம் இருக்கிறது.

1851-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், கலிபோர்னியாவின் பொன்வயல்களில் பாடுபட்டுத் திரும்பியிருந்த எட்வர்ட் ஹார்கிரேவ்ஸ் என்பவர், நியூ சவுத் வேல்ஸில் பாதர்ஸ்ட் நகருக்கு அருகே ஓர் ஓடையின் மண்ணை அலசிப் பொற்றுகள்களைக் கண்டார். அதே ஆண்டின் நடுவில் விக்டோரியாவில் கிளூன்ஸ் என்னுமிடத்திலும், தொடர்ந்து பாலராட்டிலும் பெண்டிகோவிலும் பொன் வெளிப்பட்டது; அதன்பின் உலகத்தின் நாற்றிசையிலிருந்தும் கப்பல் கப்பலாக ஜனங்கள் வந்திறங்க, 1851-ல் சுமார் 77 ஆயிரமாக இருந்த விக்டோரியாவின் குடித்தொகை பத்தே ஆண்டுகளில் 5 லட்சத்து 40 ஆயிரமாகப் பெருகிற்று. இப்படி வந்தவர்களிடம் அரசாங்கம், பொன் தோண்டும் உரிமத்துக்கென்று மாதத்துக்கு 30 ஷில்லிங் வரி கேட்டது. பொன் கிடைத்தவனும் கொடுக்க வேண்டும். பல வாரங்கள் தோண்டியும் வெறுங்கையோடு நிற்பவனும் கொடுக்க வேண்டும். கொடாதவனைப் போலீஸார் வேட்டையாடிப் பிடித்தார்கள். நிலம் வாங்கும் வழியுமில்லை, சட்டசபைக்கு வாக்களிக்கும் உரிமையுமில்லை என்றிருந்த அந்த மனிதர்கள், 1854-ஆம் ஆண்டு இறுதியில் பாலராட்டிலே உரிமங்களைத் தீயிலிட்டு, யுரேகா என்ற இடத்தில் மரத்தடிகளால் ஓர் அரணமைத்து, பீட்டர் லேலர் என்ற ஐரிஷ்காரரின் தலைமையில் கூடி நின்றார்கள். டிசம்பர் 3-ஆம் தேதி விடியற்காலையில் படை புகுந்தபோது இருபதுக்கு மேற்பட்ட தொழிலாளர்களும் சில சிப்பாய்களும் மாண்டனர். லேலர் ஒரு கையை இழந்தார். ஆனால் ராஜத்துரோகக் குற்றத்துக்காக விசாரிக்கப்பட்ட பதின்மூவரையும் ஜூரிகள் விடுதலை செய்தார்கள். அடுத்த ஆண்டே மாத வரி ஒழிந்து, ஆண்டுக்கு ஒரு பவுன் கட்டணத்தில் ‘மைனர்ஸ் ரைட்’ பிறந்தது. அந்தச் சீட்டே வாக்குரிமைக்கும் சாதனமாயிற்று. கை இழந்த லேலர் பிற்காலத்தில் விக்டோரியா சட்டசபையின் சபாநாயகராக அமர்ந்தார் என்பதைச் சரித்திரம் நமக்குத் தரும் அபூர்வமான ஆறுதல்களில் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

பொன் எப்படி ஓடைக்கு வந்து சேருகிறது என்பதை அறிந்தால்தான் தேடுகிறவரின் பார்வை நமக்கு விளங்கும். நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னும் பின்னுமாக, பூமியின் ஆழத்திலிருந்து வெந்நீர்ப் பிரவாகங்கள் பாறைப் பிளவுகளின் வழியே மேலேறி, வெண்மையான படிகக்கல் நரம்புகளையும் அவற்றினிடையே பொன்னையும் படியவிட்டன. மழையும் வெயிலும் யுகக்கணக்கில் அந்த மலைகளைக் கரைக்க, படிகக்கல் சிதைந்து, அதிலிருந்து விடுபட்ட பொன் சரிவுகளில் உருண்டு ஓடைகளில் விழுந்தது. சுத்தமான பொன் தண்ணீரைவிட 19 மடங்குக்கு மேல் கனமுள்ளது. மணலோ இரண்டரை மடங்குக்குச் சற்றே மேல். தண்ணீருக்குள் மூழ்கியிருக்கையில் இந்த வித்தியாசம் இன்னும் பெருகி, ஒரே பருமனுள்ள மணலுக்கும் பொன்னுக்கும் இடையே பதினோரு மடங்காகிறது. ஆகவே வெள்ளம் வேகமாகப் போகிற இடத்தில் மணலோடு சேர்ந்து உருளுகிற பொன், வெள்ளம் தளருகிற முதல் இடத்திலேயே தங்கிவிடுகிறது: ஓடை வளைகிறபோது அதன் உட்புறக் கரையிலே, பெரிய பாறையின் கீழ்ப்புறத்து நிழலிலே, இரண்டு ஓடைகள் கூடுமிடத்திலே, நாணற் புல்லின் வேர்ச்சிக்கலிலே. எல்லாவற்றிலும் சிறந்த இடம் அடிப்பாறையின் வெடிப்புகளே. காஸில்மேன் பக்கத்திலுள்ள பலகைப் பாறைகள் மடிந்து செங்குத்தாக நிற்பவை. ஓடை அவற்றைக் குறுக்கே கடக்குமிடங்களில் பாறையின் ஓரங்கள் வரிசையான சிறு தடுப்புகளாக நீண்டு, மேலிருந்து வருகிற பொன்னைப் பிடித்து வைத்துக்கொள்ளுகின்றன. அனுபவசாலியான ஒருவர் ஓடைக்கு வந்தவுடன் தோண்டத் தொடங்குவதில்லை. கரையில் நின்று, பெருவெள்ளம் வந்த காலத்தில் இந்த நீர் எவ்வழியாகப் போயிருக்கும், எங்கே இளைத்திருக்கும் என்று நெடுநேரம் யோசிக்கிறார்.

பிறகு வேலை. வெடிப்பிலுள்ள களிமண்ணையும் கூழாங்கற்களையும் சிறு கம்பியால் கெல்லி எடுத்துத் தட்டில் இட்டு, தட்டு முழுவதும் நீருக்குள் இருக்கும்படி அமிழ்த்திப் பிடித்துக் களிமண்ணைக் கையால் நன்றாகப் பிசைந்து கரைக்க வேண்டும். கரையாத களிமண் உருண்டை பொன்னைத் தன்னோடு ஒட்டிக்கொண்டு வெளியே போய்விடும் என்பதால், அவசரக்காரர்கள் நஷ்டப்படுவது இங்கேதான். பெரிய கற்களைக் கழுவி எறிந்துவிட்டு, தட்டை இடமும் வலமுமாக வேகமாக அசைத்தால் கனமானவை அடியில் இறங்கும். அதன்பின் தட்டைச் சற்றே முன்புறம் சாய்த்து, நீரை அலையலையாக ஏற்றி இறக்கினால் மேல்மணல் விளிம்பு வழியாக நழுவிப் போகும். நம் பாட்டிமார் உட்புறம் வரிவரியாகப் பள்ளமிட்ட அரிக்கன் சட்டியில் அரிசியை நீர்விட்டு ஆட்டி, அரிசி மேலே வரக் கல் அந்த வரிகளில் தங்கச் செய்த வித்தை இதுவேதான். அங்கே மேலே வருவது உணவு, இங்கே அடியில் தங்குவது பொன். தட்டின் ஒருபுறத்தில் வார்க்கப்பட்டிருக்கும் வரிப்பள்ளங்களும் அந்தக் காரியத்துக்காகவே உள்ளன. கடைசியில் ஒரு கரண்டியளவு கறுப்பு மணல் எஞ்சுகிறது. அது பெரும்பாலும் இரும்புச் சத்துள்ள காந்தக்கல் துகள். தட்டில் ஒரு வாய் நீர் மட்டும் வைத்துக்கொண்டு மெல்லச் சுழற்றினால், அந்தக் கறுப்பு விசிறியாக விரிந்து நகர, அதன் வால் நுனியில், கனத்தால் பின்தங்கி, மஞ்சளாக ஒரு புள்ளி நிற்கும். நிழலிலும் வெயிலிலும் ஒரே நிறமாக அது இருந்தால் பொன். திருப்பும்போது மட்டும் மின்னி, ஊசி முனையால் அழுத்தினால் நொறுங்கினால், அது பலரை ஏமாற்றிய கந்தகக் கல் அல்லது வெறும் அப்பிரகத் தகடு. பொன் நொறுங்காது, நசுங்கும். அந்தத் துகளின் உருவத்தையும் தேர்ந்தவர்கள் உற்றுக் கவனிக்கிறார்கள்: முனை மழுங்கித் தகடாகத் தட்டையாகியிருந்தால் அது வெகுதூரம் உருண்டு வந்தது, கரடுமுரடாய், படிகக்கல் ஒட்டியபடி இருந்தால் தாய்நரம்பு அருகில் எங்கோ இருக்கிறது.

இவ்வளவு பிரயாசைக்கும் கிடைப்பது எவ்வளவு? நாள் முழுதும் குனிந்து அலசினாலும் ஒரு குன்றிமணி எடை தேறாத நாட்களே மிகுதி. பெட்ரோல் செலவைக் கழித்துப் பார்த்தால் லாபமென்று ஒன்றும் இராது. இருந்தாலும் நம்பிக்கை வற்றாமலிருக்கக் காரணங்கள் உண்டு. 1869-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் தேதி, மோலியாகல் என்ற ஊருக்கு அருகே ஜான் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ் என்ற இரு கார்ன்வால்காரர்கள், ஒரு மரத்தின் வேரோரத்தில், தரைக்குக் கீழே சுமார் ஓரங்குல ஆழத்தில், 70 கிலோவுக்கு மேல் பொன் கொண்ட ஒரு பாளத்தைக் கண்டார்கள். டனோலியிலிருந்த வங்கியின் தராசில் அது கொள்ளாமற்போகவே, பட்டடையில் வைத்து உடைத்துத்தான் நிறுத்தார்கள். அதற்கு ‘வெல்கம் ஸ்டிரேஞ்சர்’ என்று பெயர். உலகத்தில் இதுவரை கண்டெடுக்கப்பட்ட ஓடைப்பொன் பாளங்களில் அதுவே மிகப் பெரியது. 1980-ல் கிங்கோவர் அருகே, உலோகம் காட்டும் கருவியோடு நடந்த ஒருவர் 27 கிலோ எடையுள்ள இன்னொன்றைக் கண்டார். அதற்குப் பின் அந்தக் கருவியின் மோகம் பரவிவிட்டது. என் மட்டில், காதில் கேட்கும் ஒலிக்காகக் காத்து நடப்பதைவிட, நீரின் போக்கைக் கண்ணால் கணித்துக் கையால் சோதிக்கும் தட்டு வேலையே மேலானது என்பேன். அதில்தான் மனிதனுக்கு நிலத்தின் பாஷை பிடிபடுகிறது.

பழைய பொன்வயல்களில் பொறுமைக்கு உதாரணமாக நின்றவர்கள் சீனர்கள். 1855-ல் விக்டோரியா அரசாங்கம் கப்பலில் வந்திறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுன் வரி விதித்தபோது, அவர்கள் தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, காவடித்தண்டில் மூட்டைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, நூற்றுக்கணக்கான மைல்கள் நடந்தே பொன்வயல்களை அடைந்தார்கள். அப்படி நடந்த ஒரு கூட்டம் 1857-ல் வழியிலே பொன் கண்ட இடம்தான் இன்றைய அராரட் நகரம். மற்றவர்கள் அரைகுறையாகத் தோண்டிக் கைவிட்ட மண்ணையே அவர்கள் மீண்டும் வாரி, வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொணர்ந்து, துகள் துகளாக அரித்தெடுத்தார்கள். அந்த விடாமுயற்சிக்குப் பரிசாகக் கிடைத்தது பலசமயம் பகையும் அடி உதையுமே.

தோண்டிய கைகள் போய்விட்டன; புண்கள் இருக்கின்றன. புதர் மூடிய பழைய குழிகள் எத்தனையோ அடி ஆழத்துக்கு வாய்பிளந்து நிற்பதால், அந்தக் காடுகளில் பின்னோக்கி ஓரடி வைப்பதும் அபாயம். துகள்களைத் திரட்ட அந்நாளில் தாராளமாகப் பயன்படுத்திய பாதரசம் இன்றும் ஓடைகளின் அடியில் கிடக்கிறது. வெள்ளிப்பூச்சுப் பூசியதுபோல் வெளுத்த துகள் தட்டில் தென்பட்டால் அது பாதரசம் படிந்த பொன். அதை அடுப்பில் காய்ச்சிப் பிரிக்க முயன்றால் எழும் ஆவி விஷம். அந்நிலத்தின் ஆதிகுடிகளான ஜா ஜா வுருங் மக்கள் தங்கள் நாட்டைத் ‘தலைகீழாகப் புரட்டப்பட்ட நாடு’ என்று சொல்லுகிறார்கள். மேல்மண் கீழும் கீழ்மண் மேலுமாய்க் கிடக்கும் அந்த மேடுகளைப் பார்த்தவர் எவரும் அதை மிகையென்று சொல்லமாட்டார். 2013-ல்தான் மாநில அரசாங்கம் அவர்களோடு உடன்படிக்கை செய்து, அந்நிலத்துக்குப் பாரம்பரிய உரிமையாளர்கள் அவர்களே என்று ஏற்றுக்கொண்டது. ஆகையால் இன்றைய சட்டம் உரிமையோடு கடமையையும் சேர்த்தே கொடுக்கிறது: கைக்கருவிகளுக்கு மட்டுமே இடமுண்டு, இயந்திரத்துக்கும் வெடிமருந்துக்கும் இல்லை; செடிகொடிகளை அழிக்கக் கூடாது; ஆதிகுடிகளின் பழம்பொருள்கள் இருக்குமிடத்தைத் தொடக் கூடாது; தோண்டிய குழி ஒவ்வொன்றையும் தோண்டியவரே மூட வேண்டும்.

இந்த விக்டோரியாவுக்கும் நம் நீலகிரிக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. விக்டோரியாவின் சுரங்கத் துறைச் செயலாளராகப் பல ஆண்டுகள் இருந்த ராபர்ட் பிரஃப் ஸ்மித் என்பவர் 1879-ல் இந்திய அரசாங்கத்தால் அழைக்கப்பட்டு, தேவாலா, பந்தலூர்ப் பகுதிகள் அடங்கிய தென்கிழக்கு வயநாட்டின் பொன்னை ஆராய்ந்து, அடுத்த ஆண்டு அறிக்கை கொடுத்தார். இலண்டனில் கம்பெனிகள் முளைத்தன, காட்டில் பங்களாக்களும் இயந்திரங்களும் எழுந்தன, சில ஆண்டுகளுக்குள் பங்குகளை வாங்கியவர்களின் பணம் முழுகிற்று. அவர்கள் வருமுன்னே தலைமுறை தலைமுறையாக அந்த ஓடைகளை அலசிவந்த மலைக்குடிகளைப் பற்றி அந்தக் கம்பெனிகள் கவலைப்படவில்லை. அம்மலையிலிருந்து இறங்கும் நீர் சேருகிற சாலியாற்றங்கரையில், நிலம்பூர்ப் பக்கத்துக் காட்டுநாயக்கர்கள், ‘மரவி’ என்ற மரத்தட்டில் மணலை ஆட்டிப் பொன் அரிக்கும் பழக்கம் நம் காலம்வரை வந்திருக்கிறது. விக்டோரியாவில் விடுமுறை நாளில் ஒருவர் கற்றுக்கொள்ளும் வித்தை அவர்களுக்குப் பிதிரார்ஜிதம்.

ஆனால் தேவாலாவில் ஓடைமண்ணை அலசி எடுத்த துகளைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள எளியவனுக்கு ஒரு சீட்டு இல்லை. வேறு வழியறியாதவர்கள் கம்பெனிகள் கைவிட்டுப் போன பழைய சுரங்கங்களுக்குள் திருட்டுத்தனமாக நுழைவதும், மண் சரிந்து உயிரிழப்பதும் பத்திரிகைகளில் செய்தியாகியிருக்கின்றன. கைக்கருவி மட்டும், ஓடை மட்டும், குழியை மூடும் கடமையோடு, அந்தந்த மலைக்குடிகளுக்கு முதலுரிமை கொடுத்து ஓர் அனுமதி வழங்குவது சாத்தியமா என்று வனத்துறையும் கனிமத் துறையும் சேர்ந்து ஆராய வேண்டும் என்பது என் விண்ணப்பம். 1855-ல் விக்டோரியா வகுத்த ஏற்பாடும், இன்றுவரை அதில் செய்துவந்த திருத்தங்களும் அவர்களுக்கு முன்மாதிரியாகக் கிடைக்கும்.