தெளிப்பான் பேட்டரி: பட்டினி போட்டால் பாழாகும்

நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவின் சேதம் அளவுக்கு மீறிவிட்டால், மருந்து தெளிப்பதைத் தள்ளிப்போட முடியாது. ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் தெளிப்பதானால், 16 லிட்டர் டேங்கை 12 அல்லது 13 தடவை நிரப்ப வேண்டும். ஐந்தாவது டேங்கிலேயே மோட்டார் சோர்ந்து, மருந்து பனிபோல் விழாமல் சொட்டுச் சொட்டாக விழுந்தால் என்ன ஆகும்? கலக்கிய மருந்து வீண், அன்றைய கூலியும் வீண், புழுவும் சாகாது.

பேட்டரித் தெளிப்பான் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பலருக்கு இந்த அனுபவம் உண்டு. "வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதிகமாக அடிக்கவும் இல்லை, பேட்டரி போய்விட்டது" என்பார்கள். அதிகமாக அடிக்காததே பல சமயங்களில் காரணமாக இருக்கிறது. இந்தப் பேட்டரி உழைத்துக் கெடுவதைவிட, சார்ஜ் இல்லாமல் சும்மா கிடந்து கெடுவதே அதிகம்.

உள்ளே இருப்பது என்ன?

தெளிப்பான்களில் பெரும்பாலும் 12 வோல்ட், 8 அல்லது 12 ஆம்பியர்-மணி அளவுள்ள மூடிய காரீய அமில பேட்டரி இருக்கும். சூரிய மின்வேலியிலும் அவசர விளக்கிலும் இதே இனம் பயன்படுகிறது. டிராக்டர் பேட்டரியைப் போல இதில் தண்ணீர் ஊற்றும் மூடிகள் கிடையாது. காரீயத் தகடுகளுக்கு நடுவே உள்ள கண்ணாடி இழைப் பஞ்சு, கந்தக அமிலத்தை உறிஞ்சி வைத்திருக்கும். மேலே சிறு ரப்பர் வால்வுகள் உண்டு. உள்ளே வாயு அழுத்தம் மிகுந்தால் மட்டும் அவை திறக்கும். அப்படி வெளியேறும் ஈரத்தைத் திரும்ப ஊற்ற வழியில்லை.

மின்சாரம் எடுக்க எடுக்கத் தகடுகளின் மேல் காரீய சல்பேட் என்னும் வெள்ளை உப்பு படிகிறது. உடனே சார்ஜ் செய்தால் அது கரைந்துவிடும். காலியாகவே பல நாள் விட்டால் உப்பு பெரிய மணிகளாக இறுகிவிடும். ஈரம் உள்ளபோது உழுதால் மண் பொலபொலவென்று புரளும். காய்ந்து கட்டி தட்டிய பிறகு ஏர் இறங்காது அல்லவா? அதுபோலத்தான். இறுகிய உப்பைச் சாதாரண சார்ஜரால் கரைக்க இயலாது. தகட்டில் அந்த அளவு இடம் பயனற்றுப் போகிறது.

தையில் சம்பா அறுவடை முடிந்ததும் காலி பேட்டரியோடு மூலையில் வைத்த தெளிப்பானை, ஆனியில் குறுவைக்கு எடுத்தால் எப்படி இருக்கும் என்பதை இனிச் சொல்லத் தேவையில்லை.

சார்ஜ் செய்யும் முறை

1. தெளித்த அன்றே சார்ஜ் போட வேண்டும். இரண்டு டேங்க் மட்டும் அடித்திருந்தாலும் சரியே. பேட்டரி சூடாக இருந்தால் அரை மணி நேரம் ஆறவிட்டுப் போடலாம்.

2. முழுதும் காலியாகும்வரை அடிக்கக் கூடாது. தெளிப்பின் வேகம் குறையத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். ஓடும்போது 12 வோல்ட் பேட்டரி 10.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவே கூடாது. ஒவ்வொரு முறையும் அடிவரை வடித்தால் ஏறக்குறைய 200 தடவை உழைக்கும் பேட்டரி, பாதி அளவில் நிறுத்திச் சார்ஜ் செய்தால் 400 தடவைக்கு மேல் உழைக்கும். காலியானால்தான் சார்ஜ் போட வேண்டும் என்பது தவறான எண்ணம்.

3. தெளிப்பானோடு வந்த சார்ஜரையே பயன்படுத்துவது நலம். முழுச் சார்ஜ் ஏற 14.4 முதல் 14.7 வோல்ட் தேவை, பிறகு 13.5 முதல் 13.8 வோல்ட்டில் நிற்க வேண்டும். ஆம்பியர் அளவு, பேட்டரி கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்குவரை இருக்கலாம். 8 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு இது 0.8 முதல் 1.6 ஆம்பியர். இதைவிடச் சற்றுக் கூடினால் பாதகமில்லை. ஆனால் டிராக்டர் பேட்டரிக்குப் போடும் பெரிய சார்ஜரை மாட்டினால் வால்வு திறந்து ஈரம் வெளியேறும். பேட்டரி வயிறு உப்பிவிடும்.

4. இப்போது லித்தியம் பேட்டரி வைத்த தெளிப்பான்களும் விற்கின்றன. அவற்றின் சார்ஜர்கள் பல 12.6 வோல்ட்டிலேயே நின்றுவிடும். காரீய பேட்டரி அதில் ஒருநாளும் நிரம்பாது. காரீய பேட்டரியின் சார்ஜரை லித்தியத்துக்குப் போட்டால் ஆபத்து, தீப்பிடிக்கவும் கூடும். வீட்டில் இரண்டும் இருந்தால் சார்ஜர்களில் பெயின்டால் அடையாளம் இடுவது அவசியம்.

5. நன்கு இறங்கிய 8 ஆம்பியர்-மணி பேட்டரி நிரம்ப 6 முதல் 8 மணி நேரம் ஆகும். பச்சை விளக்கு எரிந்த பிறகும் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டு எடுப்பது நல்லது. ஆனால் மலிவான சார்ஜரில் நாள் கணக்காக மாட்டி வைக்கக் கூடாது.

6. காற்றோட்டமான நிழலில் சார்ஜ் செய்ய வேண்டும். தகரக் கொட்டகையும், அடுப்பங்கரையும், காற்றுப் புகாத பெட்டியும் ஆகாது. பேட்டரி இளஞ்சூடாவது இயல்பு. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

தெளிக்காத மாதங்களில்

பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, தெளிப்பானிலிருந்து இணைப்பைக் கழற்றி வைக்க வேண்டும். வோல்ட் காட்டும் சிறு விளக்கு இருந்தால் அதுவே மாதக்கணக்கில் மின்சாரத்தைக் குடித்துவிடும். எதிலும் இணைக்காத நல்ல பேட்டரிகூட 25 டிகிரி வெப்பத்தில் மாதம் சுமார் 3 சதவீதம் சார்ஜை இழக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த இழப்பு இரட்டிப்பாகும். பேட்டரியின் ஆயுளும் ஏறக்குறையப் பாதியாகும். எனவே சித்திரை வெயிலில் மோட்டார் கொட்டகையைவிட, வீட்டுக்குள் குளிர்ச்சியான இடமே ஏற்றது.

பேட்டரியைத் தெளிப்பானிலிருந்து எடுக்கும்போது கையுறை அணிய வேண்டும். அடிப்பெட்டியில் மருந்து கசிந்திருக்கலாம். பேட்டரியை ஈரத்துணியால் துடைத்து உலர்த்திய பின்பே வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். முனைகளில் உப்புப் பூத்திருந்தால் சுரண்டி, சிறிது வாசலின் தடவலாம். திரும்ப மாட்டும்போது சிவப்பு வயர் கூட்டல் குறியிலும், கறுப்பு வயர் கழித்தல் குறியிலும் சேர வேண்டும்.

நல்லதா, கெட்டதா?

சுமாரான ஒரு மல்டி மீட்டர் இருந்தால் போதும். சார்ஜ் செய்து ஓர் இரவு சும்மா வைத்துவிட்டுக் காலையில் அளக்க வேண்டும். 12.8 வோல்ட் அல்லது அதற்கு மேல் இருந்தால் நிரம்பியது, 12.2 அளவில் பாதி, 11.8க்குக் கீழ் என்றால் காலி.

வோல்ட் சரியாக இருந்தும் உழைக்காத பேட்டரிகள் உண்டு. ஆகவே புதிதாக வாங்கியதும் டேங்கில் வெறும் தண்ணீர் ஊற்றி, வேகம் குறையும்வரை எத்தனை டேங்க் ஓடுகிறது என்று பார்த்து, தேதியுடன் எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு பருவமும் தொடங்குவதற்கு முன் அதேபோல் ஓட்டிப் பார்த்து, உடனே சார்ஜ் போட வேண்டும். பாதி டேங்க்தான் ஓடுகிறது என்றால் புது பேட்டரி வாங்கும் காலம் வந்துவிட்டது. புழு விழுந்த நாளில் இதைக் கண்டுபிடிப்பதைவிட முன்பே அறிவது மேல்.

காலியான பேட்டரியில் சார்ஜரை மாட்டிய சில நிமிடங்களிலேயே பச்சை விளக்கு எரிந்தால் மகிழ வேண்டாம். இணைப்பு தளர்ந்திருக்கலாம். இணைப்பு சரியாக இருந்தால், உப்பு இறுகிப்போய் பேட்டரி மின்சாரத்தை ஏற்கவில்லை என்று பொருள்.

பழைய பேட்டரி

உழைத்து ஓய்ந்த பேட்டரியை உடைப்பதும், வலைக்குக் குண்டு வார்க்க அடுப்பில் காரீயத்தை உருக்குவதும் கூடாது. காரீயப் புகையும் தூசியும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அமிலம் கண்ணில் பட்டால் பார்வை போகும். கிணற்று மேட்டிலோ வாய்க்காலிலோ எறியவும் கூடாது. பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறுவது தயாரிப்பாளரின் பொறுப்பு என்று 2022-ம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் கூறுகின்றன. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையில் கொஞ்சம் கழித்துக்கொள்வதும் உண்டு.

தெளித்த அன்று இரவு ஒரு சார்ஜ்; தெளிக்காத மாதங்களில் அமாவாசைக்கு அமாவாசை ஒரு சார்ஜ். இந்த இரண்டையும் தவறாமல் செய்து வந்தால், பருவம் தொடங்கும்போது புது பேட்டரிக்குக் கடன் கேட்டு அலைய வேண்டியிராது.