கட்டில் கூப்பிடும்… யார் வருவார்? சென்சார் படுக்கை வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை!

செட்டிநாட்டின் பெரிய வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என நீண்டுகொண்டே போகும் அந்த வீடுகள் பலவற்றில் இன்று இருப்பது இரண்டே பேர்தான். வயதான ஆச்சி ஒருவர், அவரைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா. பிள்ளைகள் சென்னையிலோ, சிங்கப்பூரிலோ, அமெரிக்காவிலோ இருப்பார்கள்.

வளவை ஒட்டிய அறையில் படுத்திருக்கும் ஆச்சி கூப்பிட்டால், அடுப்படியில் இருப்பவருக்குக் கேட்காது. பக்கவாதத்தால் பேச்சு குழறியவர் என்றால் கூப்பிடவும் முடியாது. நடு ராத்திரியில் தானாக எழுந்து, வழவழப்பான ஆத்தங்குடி டைல்ஸில் கால் வைத்து வழுக்கினால்? இடுப்பு எலும்பு முறிவில் தொடங்கி, மாதக்கணக்கில் படுக்கையிலேயே முடங்கும் நிலை வரலாம்.

இந்தக் கவலைக்கு விடையாகத்தான் சென்சார் பொருத்திய கட்டில்களும் மெத்தைகளும் வந்திருக்கின்றன. பெரிய மருத்துவமனைகளின் ஐ.சி.யூ-வில் இருந்தவை இப்போது வீடு வரை வருகின்றன. அவை உண்மையில் என்ன செய்யும், எதைச் செய்யாது?

கட்டிலுக்கு அடியில் ஓர் எடைமேடை

லாரியை அப்படியே ஏற்றி எடை போடும் எடைமேடையைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருக்கும் 'லோட் செல்' என்ற கருவிதான் சென்சார் கட்டிலின் நான்கு மூலைகளிலும் சிறிய வடிவில் இருக்கிறது. நோயாளியை எழுப்பாமலேயே அவருடைய எடையைச் சொல்லிவிடும். இதய நோயாளிக்கும் சிறுநீரக நோயாளிக்கும் இது முக்கியம். ஓரிரு நாள்களில் எடை கூடினால், உடம்பில் நீர் சேர்கிறது என்று டாக்டர் புரிந்துகொள்வார்.

நான்கு மூலைகளின் எடையும் சமமாக இருந்தால் ஆள் நடுவில் படுத்திருக்கிறார். ஒரு பக்கம் மட்டும் கூடினால் ஓரத்துக்கு நகர்கிறார், மொத்தமும் குறைந்தால் இறங்கிவிட்டார். அந்த நொடியில் அலாரம் அடிக்கும்.

தலைப்பக்கம் எத்தனை டிகிரி உயர்ந்திருக்கிறது என்று காட்டும் சென்சாரும் சில கட்டில்களில் உண்டு. மூக்குவழிக் குழாயில் உணவு கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். தட்டையாகப் படுத்திருந்தால் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடியலாம். இதற்காகப் புதுக் கட்டில் வாங்க வேண்டியதில்லை. செல்போனில் கோணம் அளக்கும் செயலி இருந்தால், போனைக் கட்டிலின் சாய்வுப் பலகைமேல் வைத்தே அளந்துவிடலாம்.

தலைப்பக்கத்தை உயர்த்தும் சாதாரண ஆஸ்பத்திரி கட்டிலை 'ஃபவுலர் காட்' என்று வாடகைக்குத் தருகிறார்களே, அந்தப் பெயர் ஜார்ஜ் ரயர்சன் ஃபவுலர் என்ற அமெரிக்க அறுவைசிகிச்சை நிபுணருடையது. வயிற்றில் சீழ் பிடித்த நோயாளிகளைச் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் வைத்தால் நல்லது என்று 1900 வாக்கில் வலியுறுத்தியவர் அவர்.

மெத்தைக்கு அடியில் இதயத்துடிப்பு

இன்னொரு வகை, மெத்தைக்கு அடியில் விரிக்கும் மெல்லிய ஷீட். இதயம் ஒவ்வொரு முறை ரத்தத்தைத் தள்ளும்போதும் உடம்பு மிக மிக லேசாக அதிர்கிறது. அந்த அதிர்விலிருந்து நாடித்துடிப்பையும் மூச்சின் எண்ணிக்கையையும் இந்த ஷீட் கணக்கிடுகிறது. உடம்பில் ஒயர் எதுவும் ஒட்ட வேண்டியதில்லை.

புதுமையாகத் தெரிந்தாலும் இது பழைய கதை. எடை பார்க்கும் மேடையில் ஒருவர் அசையாமல் நின்றாலும், இதயத்துடிப்புக்கு ஏற்ப முள் ஆடுவதை ஜே.டபிள்யூ.கார்டன் 1877-லேயே கவனித்து எழுதினார். அமெரிக்க மருத்துவர் ஐசக் ஸ்டார் 1930-களின் இறுதியில் இந்த அதிர்வைப் பதிவுசெய்ய ஒரு மேசையையே செய்தார். ஆனால், நோயாளி லேசாக அசைந்தாலும் பதிவு குழம்பிப்போனது. அந்தக் குழப்பத்தைப் பிரித்தெடுக்கும் கணினி வசதி பிறகுதான் வந்தது.

இந்தியாவில் இதைப் பரவலாக்கியது, முதித் தண்டவதே, கௌரவ் பர்சானி ஆகிய இரண்டு ஐ.ஐ.டி முன்னாள் மாணவர்கள் 2015-ல் பெங்களூருவில் தொடங்கிய 'டோஸி' நிறுவனம். கொரோனா காலத்தில் ஐ.சி.யூ படுக்கைகளுக்குத் திண்டாட்டம் வந்தபோது, சாதாரண வார்டு படுக்கைகளைக் கண்காணிக்க இந்த ஷீட்கள் பல மருத்துவமனைகளில் பயன்பட்டன.

சென்சார் என்பது காரைக்குடிக்கு அந்நியமான சொல்லும் இல்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், 1953 முதல் இந்த ஊரில்தான் இயங்குகிறது. வீட்டில் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் பட்டை இருக்கிறதே, அதுவும் மின்வேதியியலில் வேலை செய்யும் ஒரு சென்சார்தான். பட்டை எண்ணைச் சொல்லும். மாத்திரையை எடுத்துக் கொடுக்க ஒரு கை வேண்டும். கட்டில் விஷயமும் அப்படித்தான்.

அலாரம் அடித்தால் விழுவது நிற்குமா?

அமெரிக்காவின் ஒரு மருத்துவமனையில் 16 வார்டுகளில், 27,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். முடிவு 2012-ல் வெளியானது. சில வார்டுகளில் படுக்கை அலாரம் பயன்படுத்த ஊக்கமும் பயிற்சியும் தரப்பட்டன, மற்றவை வழக்கம்போல இருந்தன. முதல் வகை வார்டுகளில் அலாரம் அதிகமாகப் பயன்பட்டது. ஆனால், விழுந்தவர்கள் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

காரணத்தை யோசித்துப் பாருங்கள். அலாரம் அடிக்கும்போது நோயாளி ஏற்கெனவே எழுந்துவிட்டார். நர்ஸ் ஓடிவருவதற்குள் விழுந்தும்விடலாம். அடிக்கடி சும்மா அடிக்கும் அலாரத்தைக் காது பழகி ஒதுக்கிவிடும் ஆபத்தும் உண்டு.

நர்ஸ்கள் இருக்கும் மருத்துவமனையிலேயே இந்த நிலை என்றால், இரண்டாம் கட்டில் ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கும் வீட்டில்? சிங்கப்பூரில் இருக்கும் மகனின் போனில் அலாரம் அடித்து என்ன பயன்? அவர் பதறிப்போய் இங்கே போன் செய்ய வேண்டும், இங்கே ஒருவர் எடுக்க வேண்டும், எழுந்து போக வேண்டும். அதனால், கட்டில் எவ்வளவு விலை என்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அலாரம் அடித்தால் ஒரே நிமிடத்தில் பக்கத்தில் போய் நிற்கப்போவது யார்?

இரண்டு மணி நேரக் கணக்கு

விழுவதைப் போலவே பயப்பட வேண்டியது படுக்கைப்புண். எலும்பு துருத்தியிருக்கும் இடங்களில் உடம்பின் எடை அழுத்தும்போது, தோலுக்கு ரத்தம் போகும் மெல்லிய குழாய்கள் மூடிக்கொள்கின்றன. நமக்கென்றால் மரத்துப்போவது தெரிந்து தூக்கத்திலேயே புரண்டு படுப்போம். பக்கவாதம் வந்தவருக்கோ, சர்க்கரையால் உணர்ச்சி குறைந்தவருக்கோ அது தெரியாது, தெரிந்தாலும் புரள முடியாது.

2008 அக்டோபர் முதல், மருத்துவமனையில் சேர்ந்த பிறகு வந்த கடுமையான படுக்கைப்புண்ணுக்குக் கூடுதல் பணம் தர மாட்டோம் என்று அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு அறிவித்தது. அழுத்தத்தை வண்ண வரைபடமாகக் காட்டும் விரிப்பு, தானாகவே பக்கவாட்டில் சாய்க்கும் கட்டில் போன்றவற்றுக்கு மருத்துவமனைகள் கொடுக்கும் முக்கியத்துவத்துக்குப் பின்னால் இப்படிப்பட்ட கணக்குகளும் இருக்கின்றன.

நம் வீடுகளில் அதிகம் வாங்குவது மோட்டார் வைத்த ஏர் பெட். காற்று அறைகள் மாறி மாறி உப்பி, அழுத்தும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். நல்ல உதவிதான். ஆனால், பிரிட்டனில் 2,029 நோயாளிகளிடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், ஏர் பெட்டுக்கும் தரமான ஃபோம் மெத்தைக்கும் இடையே பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டிலும் நோயாளிகளுக்குப் பராமரிப்பு கிடைத்துக்கொண்டேதான் இருந்தது. ஏர் பெட் வாங்கிவிட்டோம், இனி புரட்ட வேண்டாம் என்று நினைத்தால் புண் வந்துவிடும்.

வீட்டில் இதைச் செய்யுங்கள்

* பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். முழுதாக ஒருக்களிக்காமல், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். நேரத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள். இரவு நேரத்துக்கான இடைவெளியை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

* கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வையுங்கள். கையுறையில் தண்ணீர் நிரப்பி வைப்பதும், நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையத்தில் உட்கார வைப்பதும் வேண்டாம். சுற்றியுள்ள தோலை அவை இன்னும் அழுத்தும்.

* தினமும் குளிப்பாட்டும்போது பின்புறம், இடுப்பு, குதிகால், தோள்பட்டை, பின்னந்தலை ஆகியவற்றைப் பாருங்கள். நிறம் மாறிய இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுக்காமல் அப்படியே இருந்தால் அது புண்ணின் ஆரம்பம். நம் நிறத்துக்குச் சிவப்பு தெரியாமல் போகலாம். சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அந்த இடத்தைத் தேய்க்கவோ மசாஜ் செய்யவோ கூடாது.

* ஏர் பெட்டுக்கு அடியில், நோயாளியின் பின்புறத்துக்கு நேராக உள்ளங்கையை மேல்நோக்கி நுழைத்துப் பாருங்கள். எலும்பு உங்கள் கையில் தட்டினால் காற்று போதவில்லை. கரன்ட் போனாலும் மோட்டார் நின்றுவிடும் என்பதால், அந்த பிளக்கை இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள்.

* நனைந்த துணியை உடனே மாற்றுங்கள். ஈரத்தில் ஊறிய தோல் சீக்கிரம் கிழியும்.

* நகர்த்தும்போது இழுக்காதீர்கள். அடியில் மடித்த விரிப்பைப் போட்டு, இரண்டு பேர் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள்.

வாங்கும் முன் கேளுங்கள்

சென்சார் கட்டில் பயனற்றது என்று சொல்லவில்லை. பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் வீட்டில் அது நல்ல துணை. வாங்குவதற்கு முன் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். வைஃபை நின்றால் அலாரம் வீட்டுக்குள் அடிக்குமா? பழுதானால் காரைக்குடிக்கு ஆள் வருவார்களா? கடைக்காரரிடம் எழுதி வாங்குங்கள். நிலைப்படியைத் தாண்டிக் கட்டில் உள்ளே போகுமா என்றும் அளந்துகொள்ளுங்கள்.

உட்காரும் நிலையில் இருப்பவர்களுக்கு, சென்னை ஐ.ஐ.டி-யின் டி.டி.கே மையம் 2019-ல் அறிமுகப்படுத்திய 'அரைஸ்' சக்கர நாற்காலி போன்றவையும் இருக்கின்றன. உட்கார்ந்திருப்பவர் தானே நிமிர்ந்து நிற்க உதவும் நாற்காலி அது. நிற்கும் நேரத்தில் பின்புறத்தின் மீதான அழுத்தம் குறைகிறது.

பணம் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி, நோய்த் தணிப்புச் சேவையும் வீட்டுக்கே வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவுசெய்யச் சொல்லிக் கேளுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104, முதியோர் உதவிக்கு 14567.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் கட்டிலுக்கு ஆர்டர் போடும் அதே நாளில் இன்னொரு போனும் செய்யுங்கள். ஆச்சியைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம், ராத்திரியில் எத்தனை முறை எழுந்திருக்கிறார், மாற்றிவிட ஆள் வேண்டுமா, புரட்டிப் படுக்க வைக்க யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்று கேளுங்கள். கட்டில் எத்தனை முறை கூப்பிட்டாலும், எழுந்து போக வேண்டியவர் அவர்தான்.