ரோத்தான் எதைக் கற்றுக்கொடுக்கிறது?

“கண்ண மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்!” பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்க்கும்போது இப்படிச் சொல்லும் பெற்றோர் பேராக்கின் பீடோர் வட்டாரத்தில் இன்னமும் உண்டு. தோட்டப்புறக் காலத்துப் பேச்சு. வாத்தியார்மேல் உள்ள நம்பிக்கையில் சொல்வதுதான். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டதால் விதி மாறிவிடாது.

விதி என்ன?

1959ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிகளின்படி, மாணவிகளை ரோத்தானால் (பிரம்பால்) அடிக்கவே கூடாது. மாணவர்களை அடிக்கும் அதிகாரமும் தலைமையாசிரியருக்கும், அவர் அதிகாரம் அளித்த ஆசிரியருக்கும் மட்டுமே உண்டு. கன்னத்தில் அறைவதற்கும் காதைத் திருகுவதற்கும் அதில் இடமில்லை. பிள்ளையைப் பராமரிக்கும் பொறுப்பில் உள்ளவர் உடலோ மனமோ பாதிக்கும்படி கொடுமைப்படுத்தினால், 2001 சிறார் சட்டத்தின் 31ஆம் பிரிவின்கீழ் 50,000 ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். பெற்றோரும் இதற்கு விலக்கல்ல.

ஆபத்து எங்கே?

செயலுக்குப் பின்னால் கிடைக்கும் விளைவே பழக்கத்தை உருவாக்குகிறது என்பது நடத்தைவாதத்தின் அடிப்படை. அடிப்பதற்கு இதையே காரணம் காட்டுவோர் உண்டு. அந்தக் கோட்பாட்டின் முக்கிய அறிஞர் ஸ்கின்னரோ தண்டனையை ஏற்கவில்லை. தண்டனை ஒரு செயலைத் தற்காலிகமாக அடக்கும். சரியான செயலைக் கற்றுத்தராது என்றார்.

பயம் பரவவும் செய்யும். 1920இல் உளவியலாளர்கள் வாட்சனும் ரேனரும் ஒரு கைக்குழந்தையிடம் வெள்ளெலியைக் காட்டும்போதெல்லாம் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் தட்டி அதிரவைத்தார்கள். எலிக்குப் பயப்படாத குழந்தை, பிறகு எலியைக் கண்டாலே அழுதது. முயலைக் கண்டும் மிரண்டது. வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது ரோத்தான் மேசைமேல் கிடந்தால், பிள்ளையின் பயம் ரோத்தானோடு நிற்காது, கணிதத்தின்மேலும் ஒட்டிக்கொள்ளும். காலையில் வரும் வயிற்றுவலி, ‘இன்னிக்கி ஸ்கூல் வேணாம்’ என்ற அழுகை ஆகியவற்றுக்குப் பின்னால் இது இருக்கலாம்.

அடிக்குப் பதிலாகப் பரிசு தரும்போதும் கவனம் தேவை. ஆசையோடு படம் வரைந்த பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் தருவதாகச் சொல்லி வரையவைத்தபோது, பின்னாளில் அவர்கள் தாமாக வரைவது குறைந்தது என 1973இல் உளவியலாளர் லெப்பரின் குழுவினர் கண்டார்கள். “ஏழாம் வாய்ப்பாட்டில் இன்று தடுமாறவில்லையே!” என்று அந்த நிமிடமே குறிப்பாகப் பாராட்டுவது நல்லது. ஸ்டிக்கர், மிட்டாய் எல்லாம் தொடக்கத்துக்கு மட்டும். போகப் போகக் குறைத்துவிட வேண்டும்.

பள்ளியில் பிள்ளையை அடித்துவிட்டால் என்ன செய்யலாம்?

• காயம் இருந்தால் அன்றே படம் எடுத்து, அரசாங்க மருத்துவமனையில் காட்டி அறிக்கை கேளுங்கள்.
• பிள்ளை சொன்னதை நாள், நேரத்தோடு எழுதிவையுங்கள், சொல்லிக்கொடுத்துப் பேசவைக்காதீர்கள்.
• தலைமையாசிரியரிடம் எழுத்துமூலம் புகார் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள்.
• பதில் இல்லையென்றால் பாத்தாங் பாடாங் மாவட்டக் கல்வி அலுவலகம், அடுத்து ஈப்போவில் பேராக் மாநிலக் கல்வி இலாகா.
• பலத்த காயமானால் இந்தப் படிகளுக்குக் காத்திருக்காமல் நேரே போலீசில் புகார் செய்யுங்கள். தாலியான் காசே உதவித் தொலைபேசியின் 15999 எண்ணையும் எந்நேரமும் அழைக்கலாம்.

புகார் செய்தால் பிள்ளையை ஓரங்கட்டிவிடுவார்களோ என்று தயங்கும் பெற்றோர், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இன்னும் இருவரைச் சேர்த்துக்கொண்டு போகலாம். யார் அடிக்கலாம், யாரை அடிக்கக் கூடாது என்ற விதியைச் சங்கத்தின் ஆண்டுக்கூட்டத்தில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது, அடி விழுவதற்கு முன்பே செய்யக்கூடிய வேலை.