ஐப்பசி மழையில் அதிரசம்

தீபாவளி 2023இல் நவம்பர் 12ஆம் திகதி வந்தது. 2024இல் ஒக்டோபர் 31, 2025இல் ஒக்டோபர் 20. நாள் முன்னே பின்னே போனாலும் சப்ரகமுவைத் தோட்டங்களுக்கு மழை தப்பாது. இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட மாதங்கள் இவை. காலையில் வெயிலடிக்கும், பின்னேரம் இடியோடு கொட்டும். இரத்தினபுரி, பலாங்கொடை, இறக்குவானை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை என்று எந்தப் பக்கத்து லயத்துக்குப் போனாலும் பலகாரம் சுடுகிற வாரத்தில் கூரைத் தகரம் சத்தம் போட்டுக்கொண்டுதான் இருக்கும். மழை நாளில் றப்பர் மரத்தில் பால் வெட்டவும் முடியாது. கையில் இருப்பது தீபாவளி முற்பணம். அதுவும் பிறகு சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிபடும் காசு. அந்தக் காசில் வாங்கிய அரிசியும் எண்ணெயும் வீணாகக் கூடாது.

அதனால்தான் அதிரசத்துக்கு அடுப்பு மூட்டும்போது வீட்டில் ஒரு பதற்றம் இருக்கும். முறுக்கு சற்றுப் பிசகினாலும் தின்னலாம். அதிரசம் பிசகினால் எண்ணெயில் கரைந்து சட்டியோடு போய்விடும், அல்லது பல்லை உடைக்கும். எல்லாம் தண்ணீர்க் கணக்கு. மாவில் எவ்வளவு ஈரம் நிற்க வேண்டும், பாகிலிருந்து எவ்வளவு ஈரம் போக வேண்டும் என்பதைக் கையாலும் கண்ணாலும் அளக்கிற வித்தை அது.

கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் திருச்சி, சேலம், மதுரைப் பக்கங்களிலிருந்து வந்த குடும்பங்களோடு வந்த பலகாரம் இது. அதற்குச் சப்ரகமுவையின் ஈரக் காடுகள் கொடுத்த சீதனம் கித்துள்.

தமிழ்நாட்டில் கூந்தல்பனை என்று அழைக்கப்படும் இந்த மரத்தின் தாவரவியல் பெயர் கரியோட்டா யூரன்ஸ். யூரன்ஸ் என்றால் எரிச்சலூட்டுவது. பழச்சதையில் உள்ள ஒக்சலேற்றுப் படிகங்கள் தோலில் பட்டால் தாங்க முடியாத அரிப்பு. மரநாய்க்கு மட்டும் அது ஒரு பொருட்டல்ல. பழத்தைத் தின்று விதையைக் காடெங்கும் போட்டுச் செல்வது அதுதான்.

இந்த மரத்தின் வாழ்க்கை வியப்பானது. பல ஆண்டுகள் பூக்காமல், தயாரிக்கும் மாச்சத்தைத் தண்டுக்குள் சேர்த்து வைத்துக்கொண்டே வளரும். பிறகு உச்சியில் முதல் பாளை வரும். அடுத்தது அதற்குக் கீழே, அதற்கடுத்தது இன்னும் கீழே என்று பூ இறங்கி வரும். கடைசிப் பாளையோடு மரம் பட்டுப்போகும். பூப்பதற்காகத் தண்டிலுள்ள மாச்சத்து சர்க்கரையாக மாறி மேலேறும் வேளையில் மனிதர் நடுவே கத்தியோடு நிற்கிறார். காலையும் மாலையும் பாளை நுனியை மெல்லிய வில்லையாகச் சீவினால் சாறு சொட்டும். நல்ல பாளை ஒன்று நாளுக்குப் பத்து லீட்டருக்கும் மேல் தருவதுண்டு.

அந்தச் சாற்றைக் காப்பாற்றுவது பெரிய பாடு. முட்டிக்குள் விழுந்த நிமிடத்திலேயே காற்றிலுள்ள மதுவங்கள் வேலையைத் தொடங்கிவிடும், மாலைக்குள் கள்ளு. கித்துள் சீவுபவர்கள் முட்டிக்குள் கொஞ்சம் சுண்ணாம்போ ஹல் மரப்பட்டையோ போடுவது இதைத் தடுக்கத்தான். சாறு புளித்தால் சுக்ரோசு உடைந்து குளுக்கோசும் பிரக்டோசும் ஆகிவிடும். அவை எளிதில் படிகமாகாதவை, ஈரத்தை இழுப்பவை. அப்படிப்பட்ட சாற்றை எவ்வளவு காய்ச்சினாலும் கருப்பட்டி இறுகாது, கசியும். சுத்தமான சாறு ஆறு முதல் எட்டு லீட்டர் காய்ச்சினால் ஒரு லீட்டர் பாணி தேறும். இன்னும் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டால் கித்துள் கருப்பட்டி. மரம் ஏறும் ஆபத்தையும் விறகையும் சேர்த்துப் பார்த்தால் அதன் விலை நியாயமானது. அந்த விலைக்கு ஆசைப்பட்டுச் சீனிப்பாகைக் கலந்து விற்பவர்கள்தான் இந்தத் தொழிலின் பெயரைக் கெடுக்கிறார்கள்.

இனி அடுப்படிக்கு வரலாம். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் நிழலில் உலர்த்துவார்கள். கையில் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் ஒட்டக் கூடாது. மழைநாளில் இதற்கு வழக்கத்தைவிட நேரம் எடுக்கும். அவசரப்படுகிறவர்கள் இங்கேயே தோற்றுவிடுகிறார்கள். ஈர அரிசி மென்மையானது, உரலில் மெத்தென்று இடிபடும். காய்ந்த அரிசியை மில்லில் அரைத்தால் சூட்டிலும் அழுத்தத்திலும் மாவுமணிகள் உடைந்து, பாகை அளவுக்கு மீறி உறிஞ்சும். அதிரசம் வறண்டு வெடிக்கும். கடை மாப் பைக்கற்றில் அதிரசம் சரிவராததற்குக் காரணம் இதுவே.

பாகு காய்ச்சும்போது ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு அதில் ஒரு சொட்டு விடுவார்கள். விரலால் திரட்டினால் மெதுவான உருண்டையாக வர வேண்டும். வெப்பமானியில் இது ஏறக்குறைய 112 முதல் 116 பாகை செல்சியஸ். பாகில் சர்க்கரை சுமார் 85 விழுக்காடு. ஆனால் 300 மீற்றர் உயரம் ஏறினால் கொதிநிலை ஏறக்குறைய ஒரு பாகை குறைந்துவிடும். இரத்தினபுரிப் பள்ளத்துக்குச் சரியான எண் பலாங்கொடை மலைத் தோட்டத்தில் பாகை முறுக்கிக் கெடுத்துவிடும். உருண்டைப் பதமோ எந்த மலையிலும் பொய்க்காது, ஏனென்றால் விரல் அளப்பது சூட்டை அல்ல, பாகில் மீந்திருக்கும் தண்ணீரை. பாட்டிமாரின் கிண்ணத்துத் தண்ணீரை வெப்பமானிக்கு மேலாக மதிக்க இந்த ஒரு காரணம் போதும்.

சூடான பாகில் மாவைக் கொட்டிக் கிளறி, ஓர் இரவாவது மூடி வைப்பார்கள். அதற்குள் பாகு மாவின் உள்ளே ஊறும். தட்டிப் போடும்போது எண்ணெய் இளஞ்சூட்டில் இருக்க வேண்டும். தீ மிஞ்சினால் சர்க்கரை வெளியே கருகி, உள்ளே மாவு பச்சையாக நிற்கும். எடுத்தவுடன் இரண்டு கரண்டிகளுக்கு நடுவே அழுத்தி எண்ணெயைப் பிழிவார்கள். கித்துளில் செய்த அதிரசத்துக்கு இலேசான புகைமணமும் கரும்பழுப்பு நிறமும் இருக்கும்.

ஐப்பசிக் காற்றில் முறுக்கு இரண்டே நாளில் நமத்துப்போகும். அதிரசமோ ஒரு வாரம் தாண்டியும் நிற்கும். அதிலிருக்கும் ஈரத்தைச் சர்க்கரை கட்டிப் பிடித்து வைத்திருப்பதால் பூஞ்சணத்துக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைப்பதில்லை. மழைக்காலத் திருநாளுக்கு இதைவிடப் பொருத்தமான இனிப்பு அமைவது கடினம்.

கூடவே குடிக்கப் பால் விடாத தேத்தண்ணி. சீனி போடாமல், உள்ளங்கையில் ஒரு கருப்பட்டித் துண்டு. ஒரு கடி, ஒரு மிடறு. தடிமன் பிடித்தவர்களுக்குக் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்த மல்லித்தண்ணி. பக்கத்துச் சிங்கள ஊரில் பழக்கம் இருந்தால், தெலிஜ்ஜ எனப்படும் புளிக்காத கித்துள் சாறும் விடியலில் கிடைக்கும். அந்த ஊர்களில் சித்திரைப் புத்தாண்டுக்குச் சுடும் கொண்டைப் பணியாரமும் அரிசிமாவும் கித்துள் பாணியும்தான். சூடான எண்ணெயில் ஈர்க்கை நடுவே குத்திச் சுழற்றிக் கொண்டை எழுப்புவார்கள். சிங்களத்திலும் அதிரச என்றே ஒரு பலகாரம் உண்டு.

தீபாவளிக்குப் பாணியோ கருப்பட்டியோ வாங்கப்போகிறவர்கள், முடிந்தால் கடைப் போத்தலை விட்டு, மரம் ஏறுகிறவர் வீட்டுக்கே போய் வாங்குங்கள். விலை சொன்னால் பேரம் பேசாதீர்கள்.